பெயர் பதியாத பாதை: தனுஷ்கோடியிலிருந்து மாத்தளை வரை

(நமது சங்க அங்கத்தவராகிய வைத்தியர் ஒருவர் எழுதுவது)

நாம் குடியிருக்கும் வால்தம்ஸ்டோவிலே பழையதைப் போற்றும் வழக்கம் நன்றாக உண்டு. புனித மரியாள் தேவாலயத்தின் முற்றத்திலே பாசி படர்ந்த கல்லறைகள் நிற்கின்றன. அதற்குச் சற்று அப்பால் உள்ள வெஸ்ட்ரி ஹவுஸ், 1730இல் ஊரின் ஏழைகளை வைத்து வேலை வாங்கும் விடுதியாகக் கட்டப்பட்டு, 1931இல் காட்சிச்சாலையாக்கப்பட்ட கட்டிடம். கவிஞரும் கைவினைஞருமாகிய வில்லியம் மொரிஸ் 1834இல் இவ்வூரிலே பிறந்தவர். அவர் இளமையில் வாழ்ந்த வீடு லொயிட் பூங்காவில் அவர் பெயராலேயே கலைக்கூடமாக விளங்குகிறது.

இவற்றையெல்லாம் விட என்னைக் கவர்ந்தது வேறொன்று. 1538 முதல் இங்கிலாந்தின் ஒவ்வொரு தேவாலயப் பிரிவிலும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது கட்டளை. ஏழை விடுதியில் இறந்தவனுக்குக் கல்லறை கிடையாது. ஆனால் பதிவேட்டில் ஒரு வரி உண்டு. இருநூறு வருடங்கள் கழித்து அவனுடைய சந்ததியார் வந்து விசாரித்தாலும் அந்த ஒரு வரியைக் கண்டுகொள்ளலாம்.

அந்த ஒரு வரிகூட இல்லாமல் மாண்டுபோன பல்லாயிரம் தமிழரின் பாதையைப் பற்றியே இக்கட்டுரை. இராமநாதபுரக் கரையிலிருந்து கடல் கடந்து, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை மலையடிவாரம் வரை சென்ற அந்தப் பாதைக்கு அக்காலத் துரைமார் இட்ட பெயர் வடக்குப் பாதை. யாழ்ப்பாணத்தில் பிறந்த நம்மிற் பலருக்கு வடக்கு, தெற்குப் பிரயாணம் என்றால் யாழ்தேவி ரயிலும் கண்டி வீதியுமே நினைவுக்கு வரும். அந்தக் கண்டி வீதியின் ஒரு பகுதியிலேயே, நமக்கு முன் வேறொரு தமிழ்ச் சனம் நடந்தது என்பதை நமது பாடப் புத்தகங்கள் நமக்குச் சொல்லித் தரவில்லை.

இக்கரைக்கு அக்கரை பச்சை

மொரிஸ் பிறந்த அதே 1834 ஆகஸ்டில் பிரிட்டிஷ் சாம்ராச்சியத்தில் அடிமைகளை விடுவிக்கும் சட்டம் அமுலுக்கு வந்தது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விடுதலை பெற்றதும் அங்கே கோப்பி விளைச்சல் தளர்ந்தது. லண்டன் சந்தையில் இலங்கைக் கோப்பிக்கு இடம் கிடைத்தது. கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்தது. தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் காலத்திலே மலைநாட்டுக்கு வீதிகள் வெட்டப்பட்டன. கோப்பித் தோட்டங்களும் தோன்றின. 1840களில் காடுகள் ஏக்கர் ஏக்கராக விலைப்பட்டன. காடு இருந்தது, மூலதனம் இருந்தது; வேலைக்கு ஆள் இல்லை. தம் வயலை விட்டுத் தோட்டத்துக்கு வரக் கண்டிக் குடியானவர் இணங்கவில்லை.

ஆள் இருந்த இடம் பாக்கு நீரிணைக்கு அப்பால். இராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம் ஆகிய சீமைகளில் மழை பொய்த்த வருடமென்றால் பண்ணையாட்களுக்கு வாழ்வு இல்லை. அந்த நிலையிலே கங்காணி ஊருக்குள் வருவான்; முன்பணம் கொடுப்பான். செடிக்கு அடியிலே தேங்காயும் மாசியும் விளையும் என்று சொல்லி அழைத்தார்கள் என மலைநாட்டுக் கிழவர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே கூறுவார்கள். முன்பணம் வாங்கிய அன்றே கடன் தொடங்கிவிடும். கடலைக் கடக்க ஆகும் செலவு, வழிச்சாப்பாடு, கம்பளி, எல்லாம் அந்தக் கணக்கிலே ஏறும். இந்த அவலத்தைப் பிற்காலத்தில் கதையாக்கியவர் புதுமைப்பித்தன். அவருடைய ‘துன்பக்கேணி’யைப் படித்த அன்பர்கள் நம் சங்கத்திலும் இருப்பார்கள்.

கோப்பிக் காலத்தில் இவர்கள் பெரும்பாலும் ஒரு பருவத்துக்கே வந்தார்கள். கோப்பிப் பழம் பறிக்கும் காலம் வருடக் கடைசி. ஊரில் வேலை இல்லாத மாதங்களில் புறப்பட்டு, பறிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்புவார்கள். ஆகவே இந்தப் பாதையை ஒருவன் ஒரு முறையல்ல, உயிரோடிருந்தால் பல முறை நடந்தான். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்திலோ போனவர் தொகை இன்னும் பெருகியது. 1869இல் கோப்பி இலையிலே தோன்றிய துரு நோய் இருபது வருடங்களுக்குள் அந்தப் பயிரையே அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. வருடம் முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். அதன்பின் வந்தவர்கள் குடும்பத்தோடு தங்கிவிட்டார்கள்.

வழியும் தங்குமிடமும்

பாதையை வடக்கிலிருந்து தெற்காகச் சொல்கிறேன். போக விரும்புவோருக்கு இது ஒரு வழிகாட்டியாகவும் இருக்கட்டும்.

இராமநாதபுரக் கரையின் சிறு துறைகளான தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் முதலியவற்றிலிருந்து தோணி புறப்படும். காற்று சாதகமாயின் ஒரு பொழுதில் அக்கரை. தலைமன்னாரிலும் மன்னார்க் கரையின் பிற இறங்குதுறைகளிலும் இறங்குவார்கள். மன்னார்த் தீவு இன்றும் அன்று போலவே தோன்றுகிறது. பனை, உடைமரம், உப்புக் காற்று, தெருவில் தன்பாட்டில் திரியும் கழுதைகள். பள்ளிமுனையில் அராபியர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்க மரம் யானைக்காலை ஊன்றி நிற்பது போல நிற்கிறது.

தீவை விட்டுப் பெருநிலத்தில் கால் வைத்ததும் மாதோட்டம். ஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் இங்கேதான். ரோமாபுரியிலிருந்தும் சீனத்திலிருந்தும் வந்த சரக்குகள் கைமாறிய பெருந்துறைமுகம் ஒரு காலத்தில் மண்மேடாகி, முள் முளைத்துக் கிடந்தது. கோயில் இருந்த இடமும் மறைந்துபோயிற்று. 1872இல் ஆறுமுக நாவலர் விடுத்த வேண்டுகோளே அதை மீட்க முதற்காரணம். இப்பொழுது சிந்தித்துப் பாருங்கள். 1840களில் அந்த மேட்டைக் கடந்து நடந்த கோப்பிக் கூலிகள், தம் காலடியில் ஒரு சிவஸ்தலம் புதைந்து கிடப்பதை அறிந்திருக்க நியாயமில்லை.

அதற்கப்பால் கட்டுக்கரைக் குளம். பின்னர் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை, கடைசியில் மாத்தளை. மொத்தம் சுமார் 150 மைல். காடு, யானையும் கரடியும் உள்ள காடு. மழை இல்லாத காலத்தில் குளங்கள் வற்றிச் சேறாகும். மழைக் காலத்தில் ஆறுகள் மறிக்கும். கைக்குழந்தையும் கஞ்சிச் சட்டியும் தலையில் மூட்டையுமாக, ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து மைல் வீதம் நடந்தால் பத்து முதல் பதினைந்து நாளாகும். 1850களின் பின் அரசாங்கம் சிறிது சிறிதாகத் தங்குமடம், கிணறு, மருந்துச்சாலை என்று அமைத்தது. அதற்கு முன் வானமே கூரை.

சுவாமி விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பியபோது 1897 சனவரியில் இதே வழியில் எதிர்த்திசையாகப் பிரயாணம் செய்தார் என்பது நம் அன்பர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. கொழும்பில் இறங்கிக் கண்டிக்கும் மாத்தளைக்கும் வந்து, அங்கிருந்து குதிரை வண்டியில் யாழ்ப்பாணம் நோக்கிப் போனார். தம்புள்ளைக்கு அப்பால் வண்டியின் முன்சக்கரம் ஒன்று நொறுங்கிவிட, காட்டு வழியில் பல மணி நேரம் காத்திருந்து, பிறகு மாட்டு வண்டியில் போக நேர்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து அவர் பாம்பனில் கால் வைத்தது சனவரி 26. அவரை வரவேற்கச் சேதுபதி மன்னர் காத்திருந்தார். அதே கரையிலிருந்து புறப்பட்ட ஏழைகளை வழியனுப்ப ஒருவரும் இருக்கவில்லை.

ஒரு வைத்தியன் கண்ணிலே

இந்தப் பாதையில் எத்தனை பேர் மாண்டார்கள்? 1849இல் கொழும்புப் பத்திரிகை ஒன்று, அந்தப் பத்தாண்டுக் காலத்தில் வந்தவர்களில் எழுபதினாயிரம் பேர், அதாவது நாலில் ஒரு பங்கினர், பாதையிலும் தோட்டங்களிலுமாக இறந்ததாகக் கணக்கிட்டது. துரைமார் அதை மறுத்தார்கள். பலர் வேறு வழியாக ஊர் திரும்பியிருப்பார்கள், அவர்களையும் செத்தவராக எண்ணிவிட்டார்கள் என்பது அவர்கள் வாதம். சரித்திர ஆசிரியர்கள் இன்றும் அந்தத் தொகையை விவாதிக்கிறார்கள். விவாதம் முடியாததற்குக் காரணம் ஒன்றே. பதிவு இல்லை.

நோய்கள் எவை என்பதில் விவாதம் இல்லை. வாந்திபேதி, வயிற்றளைச்சல், அம்மை, மலேரியா. இவற்றுள் கொடியது வாந்திபேதி. அதன் கிருமி குடலில் நஞ்சைக் கக்குகிறது. குடல் தன் நீரையெல்லாம் வெளியே விட்டுவிடுகிறது. கடுமையான நோயாளி ஒரு மணி நேரத்தில் ஒரு லீற்றர் நீரை இழக்கலாம். காலையில் நடந்தவன் மாலையில் கண் குழிந்து, தோல் சுருங்கி, குரல் அடைத்துப் போவான். சிகிச்சை இல்லாவிட்டால் அப்படிப்பட்டவர்களில் பாதிப்பேர் வரை இறப்பார்கள். கூட்டமாகச் செல்வோர் ஒரே குட்டையில் குடித்து, அதன் அருகிலேயே மலசலங் கழித்தால் என்ன நடக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. சுமந்து செல்ல முடியாத நோயாளியை வழியோரத்தில் விட்டுவிட்டுக் கூட்டம் நகர்ந்ததும் உண்டு. வழியிலுள்ள கிராமத்தவர் நோய்க்குப் பயந்து கதவடைத்தார்கள். அவர்களையும் நான் குறை கூறமாட்டேன். அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

இப்பொழுது நமது ஊருக்குச் சற்றுத் திரும்புவோம். 1866இல் கிழக்கு லண்டனில் வாந்திபேதி பரவி 5,500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பதிவாளர் நாயகத்தின் அலுவலகத்தில் புள்ளிவிபரம் பார்த்த வில்லியம் ஃபார் என்ற வைத்தியர் மரணப் பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தத் தெருவில் எத்தனை பேர், அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்த கம்பனி எது என்று ஒப்பிட்டார். நோய், ஒரே கம்பனியின் தண்ணீர் போன தெருக்களில் குவிந்து கிடந்தது. அது, நம் வீடுகளுக்கு அருகே ஓடும் லீ ஆற்றின் நீர். வால்தம்ஸ்டோவின் நீர்த்தேக்கங்களை வெட்டிய கம்பனியும் அதுவே. பழைய போ குளத்தில் வடிகட்டாத நீர் கலந்தது அதனால் வெளிப்பட்டது. அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பு, 1854இல், சோஹோவில் ஜோன் ஸ்னோ ஒரு குழாயடியைச் சுட்டிக்காட்டியதும் இறந்தோர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே.

ஃபாருக்கும் ஸ்னோவுக்கும் அந்தக் கிருமியின் உருவம் தெரியாது. கொக் என்ற ஜெர்மானியர் அதைக் கல்கத்தாவில் உறுதிப்படுத்தியது 1884இல். ஆயினும் நோயின் மூலத்தைக் கண்டுகொண்டார்கள். எப்படி? இறந்தவனின் பெயர், வயது, தொழில், தெரு ஆகியவை எழுதப்பட்டிருந்தன. 1837 முதல் இந்த நாட்டில் மரணப் பதிவு நடைபெற்று வந்தது. வைத்தியத்தில் எனக்கு முப்பது வருட அனுபவம் உண்டு. மருந்துகளில் பெரிய மருந்து எது என்று கேட்டால், இறந்தவரை எண்ணுவதே என்பேன். எண்ணாத சாவுக்கு யாரும் காரணம் தேடமாட்டார்கள். காரணம் தேடாத சாவு மீண்டும் மீண்டும் வரும். வடக்குப் பாதையில் நடந்தது அதுவே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1971இல் வங்காளதேச யுத்தத்தின்போது எல்லைப்புற அகதி முகாம்களில் வாந்திபேதி பரவியது. நாளத்தில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோக, திலீப் மகலனாபிஸ் என்ற வைத்தியர் குளுக்கோசையும் உப்பையும் நீரில் கரைத்து வாயால் குடிக்கக் கொடுக்கும்படி ஏற்பாடு செய்தார். மரணம் வெகுவாகக் குறைந்தது. ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. மட்டம் தட்டி அளக்க வேண்டும். இவ்வளவே. அந்தப் பாதையில் நடந்தவர்களின் மூட்டையில் உப்பும் இருந்திருக்கும், வெல்லமும் இருந்திருக்கும். அறிவுதான் நூறு வருடம் பிந்தி வந்தது.

பாழடைந்த பட்டினங்கள்

1896இல் பம்பாயில் பிளேக் தோன்றிய பிறகு, தொழிலாளரைத் தடுத்து வைத்துப் பரிசோதிக்கும் ஏற்பாடு இறுகியது. தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் ஒரு முகாம். கப்பல் வழியாகக் கொழும்புக்கு வந்தோருக்கு ராகமையில் ஒரு முகாம். 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டு, இருபக்கத்து இருப்புப் பாதைகளையும் கப்பல் இணைத்ததும் மண்டபம் முகாமே பிரதான வாசலாயிற்று. இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் அது. வாந்திபேதி மறைந்திருந்து வெளிப்பட ஐந்து நாள் வரை செல்லும். ஆகவே ஒரு வாரமளவில் மறித்து வைத்தார்கள். அம்மைப்பால் குத்தி, துணிகளை ஆவியில் அவித்து, கழுத்தில் தகர வில்லையைக் கட்டி அனுப்பினார்கள். வில்லையில் தோட்டத்தின் குறியும் இலக்கமும் இருக்கும். பெயர் அங்கும் இல்லை.

தனுஷ்கோடி அக்காலத்தில் கலகலப்பான ஊர். ரயில் நிலையம், சுங்கச் சாவடி, தபால் கந்தோர், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் உண்டு. சென்னை எழும்பூரில் ஏறிய போட்மெயில் பிரயாணி இங்கே இறங்கிக் கப்பலேறினால் தலைமன்னாரில் மறு ரயில் காத்திருக்கும். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் அந்த ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயில் வண்டி நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளோடு அலையில் அடிபட்டுப் போயிற்று. அதன்பின் மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. கூரையற்ற தேவாலயச் சுவரும் நிலையத்தின் இடிபாடுமே மிச்சம். மீனவர் மட்டும் குடிசை போட்டு விடாப்பிடியாக அங்கே தொழில் செய்கிறார்கள். 2017இல் அரிச்சல்முனை வரை வீதி போடப்பட்ட பின் சுற்றுலாப் பிரயாணிகள் கூட்டமாக வருகிறார்கள். 1914ஆம் வருடத்துப் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது.

புயலுக்கு 53 நாட்களுக்கு முன்பு, 1964 ஒக்டோபர் 30இல், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியிருந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட 9,75,000 மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை கொடுப்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் தீர்மானம். அந்த மக்களில் ஒருவரையும் கேட்கவில்லை. பாட்டன் நடந்து வந்த பாதையால் பேரன் கடவுச்சீட்டோடு திருப்பி அனுப்பப்பட்டான். தனுஷ்கோடி அழிந்துவிட்டபடியால் கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போயிற்று. தலைமன்னார் இறங்குதுறையில் உறவினர் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கதறிய காட்சியைக் கண்டவர்கள் நம்மிடையே இருக்கக்கூடும்.

அந்தக் கப்பலும் 1984இல் நின்றது. அதன்பின் அதே மண்டபம் முகாமுக்குப் போனவர்கள் யார் என்பதை நான் சொல்ல வேண்டுமா? யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வவுனியாவிலும் இருந்து இரவோடிரவாகப் படகேறிய நம்மவர்களே. இச்சங்கத்திலும் மண்டபத்தில் வரிசையில் நின்று அரிசி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். தோட்டக்காட்டார் என்று நம்மில் சிலர் இளக்காரமாகச் சொல்லிய மக்கள் நின்ற அதே வாசலில் காலம் நம்மையும் கொண்டுபோய் நிறுத்தியது. இதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஒரு கரையின் சரித்திரம் அக்கரையின் சரித்திரமும் ஆகும் என்பதற்காகவே சொல்கிறேன்.

பாழடைந்த இடங்களில் இன்னொன்றையும் காண வேண்டும். மன்னாருக்குத் தெற்கே அரிப்புக் கடற்கரையில், முத்துக்குளிப்பைப் பார்வையிடுவதற்காக முதல் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை செங்கல் செங்கலாகக் கடலில் விழுந்துகொண்டிருக்கிறது. அதற்கும் தெற்கே மரிச்சுக்கட்டி. முத்துக்குளிப்புக் காலத்தில் ஆயிரமாயிரம் பேர் கூடி, மணலில் கிடுகுப் பட்டினம் ஒன்று எழும்; சில வாரங்களில் இருந்த இடம் தெரியாமல் மறையும். 1906இல் அங்கே கடமை பார்த்த இளம் அதிகாரி லெனாட் வூல்ஃப் பிற்காலத்தில் தம் சுயசரிதையில் அதை எழுதியிருக்கிறார். 1925இன் பின் அங்கே பெரிய முத்துக்குளிப்பு நடைபெறவில்லை.

கண்டியின் கல்லறைகள்

கண்டிக்குப் போகும் நம்மவர் தலதா மாளிகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். மாளிகைக்குப் பின்புறம் சற்று மேட்டில் ஒரு சிறு மயானம் இருக்கிறது. 1817இல் ஆங்கிலப் படையினருக்காக ஏற்பட்டது. 195 கல்லறைகள். கண்டி ஒப்பந்தத்தைத் தயாரித்தவரும், சிங்களத்தில் வல்லவருமான ஜோன் டொயிலி 1824இல் இறந்து அங்கே அடக்கமானார். யானை அடித்து இறந்த ஒருவர், காய்ச்சலால் இறந்த இளைஞர், பிறந்த சில நாட்களில் போன சிசுக்கள் என்று வரிசையாகப் படிக்கலாம். நோய்க்கு நிறபேதம் இல்லை என்பதை அந்தக் கற்கள் சாட்சி சொல்கின்றன. அந்தத் தாய்மாரின் துக்கமும் துக்கமே. அங்கே நின்றபோது எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு கணக்கு மாத்திரம் மனதில் ஓடியது. இங்கே 195 பேருக்கு 195 கல். அங்கே, அந்த 150 மைலுக்கு, ஒரு கல்லும் இல்லை.

மஹய்யாவையில் இன்னொரு மயானம். 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு அத்தொழிலைத் தொடக்கிவைத்த ஜேம்ஸ் டெய்லர் 1892இல் இறந்து அங்கே அடக்கமானார். அவர் உடலை மலையிலிருந்து கண்டி வரை தோளில் மாற்றி மாற்றிச் சுமந்து வந்தவர்கள் அவருடைய தோட்டத் தொழிலாளர் என்று சொல்வார்கள். அவர் பெயர் கல்லில் இருக்கிறது. சுமந்தவர் பெயர்?

மாத்தளை முத்துமாரி

இருப்பினும் அந்தச் சனங்கள் ஒரு சின்னமும் விடாமல் போய்விடவில்லை. காட்டு வழி முடிந்து மலை தொடங்கும் மாத்தளையில், உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் மாரியம்மனைத் தொழுதார்கள். 1874இல் கோயில் எழுந்தது. இன்று முத்துமாரியம்மன் தேவஸ்தானத்தின் பெரிய கோபுரத்தையும் மாசி மகத்துப் பஞ்சரதத்தையும் அறியாதவர் இல்லை. 1983 யூலைக் கலவரத்தில் கோயில் தீக்கிரையாகி, மீண்டும் எழுப்பப்பட்டது. அம்மை நோயும் வாந்திபேதியும் துரத்திய பாதையின் முடிவிலே அம்மையைத் தணிக்கும் தெய்வம் குடிகொண்டது தற்செயல் அல்ல. பதிவேடு இல்லாத சனம் தன் நன்றியைக் கோயிலாகப் பதிந்து வைத்தது.

அங்கே வீதியில் பூமாலை கட்டிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரோடு பேச்சுக் கொடுத்தேன். தமது முன்னோர் எந்த ஊர் என்று கேட்டபோது, “சேலம் பக்கம்னு சொல்லுவாங்க ஐயா, ஊரு பேரு எங்கப்பாவுக்கே தெரியாது” என்றார். சிறிது நேரம் கழித்து, “வர்ற வழியில ஒரு புள்ளைய வுட்டுட்டு வந்தாங்களாம். எங்க பாட்டி அந்தப் புள்ளைக்கும் சேத்துத்தான் வருசா வருசம் படைப்பாங்க. பேரு மட்டும் சொல்லமாட்டாங்க” என்றார். நான்கு தலைமுறையாகப் படைத்து வரும் ஒரு பெயரில்லாத பிள்ளை. சரித்திரப் புத்தகம் கொடுக்காத கணக்கை அந்த அம்மாளின் வீட்டு இலை கொடுத்தது.

மீண்டும் ஒரு நடை

2023இல், மலையகத் தமிழர் வரவின் 200 ஆண்டு நிறைவையொட்டி ஒரு நடைபயணம் நடந்தது. ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்ற பெயரில் யூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, பழைய வழியைத் தழுவி நடந்தார்கள். தொழிலாளர், ஆசிரியர், மதகுருமார், மாணவர் எனப் பலர். வழியில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் தண்ணீர் கொடுத்து வரவேற்றார்கள். 180 வருடம் முன் மூடியிருந்த கதவுகள் திறந்தன என்று கொள்ளலாம். அவர்கள் கேட்டது பெரிய வரமல்ல. சொந்தமாக ஒரு துண்டு நிலம், வீடு, நியாயமான சம்பளம், சம பிரசைகள் என்ற மதிப்பு. எஞ்சிய நாடற்றவர்க்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. ஆனால் லயன் அறைகளில் வாழும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 1949இல் தமிழரசுக் கட்சி தோன்றியதே இம்மக்களின் பிரசாவுரிமை பறிபோனதை முன்னிட்டு என்பதை நம் இளைஞருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அந்த வறண்ட காட்டின் பழைய எமன் ஒருவன் தோற்றுவிட்டான் என்பதையும் இங்கே கூற விரும்புகிறேன். 1934–35 மலேரியாக் கொள்ளையில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒவ்வொரு காய்ச்சல்காரனையும் தேடிப் பெயரெழுதி, இரத்தம் பார்த்து, மருந்து கொடுத்ததன் பலன் அது. எண்ணினால் வெல்லலாம்.

நாம் செய்யக்கூடியது

அடுத்த முறை ஊருக்குப் போகும் அன்பர்கள் கொழும்பிலிருந்து நேரே யாழ்ப்பாணம் போகாமல் இரண்டு நாள் ஒதுக்குங்கள். திருக்கேதீச்சரத்தில் வழிபட்டு, தலைமன்னாரில் பழைய இறங்குதுறையின் துருப்பிடித்த தூண்களைப் பார்த்து, மதவாச்சி வழியாக மாத்தளைக்குச் செல்லுங்கள். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். வெயிலில் ஒரு மைல் தூரமாவது வாகனத்தை விட்டு இறங்கி நடக்கச் சொல்லுங்கள். மிச்சத்தை அவர்களே விளங்கிக்கொள்வார்கள்.

அதைவிட முக்கியமானது, அதற்கு விமானச் சீட்டும் வேண்டாம். நம் சங்கத்தில் மலையகத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்கள் உண்டு. மண்டபம் முகாமைக் கண்டவர்களும் உண்டு. அவர்களில் வயதானவர்களின் வாயிலிருந்து பெயர், ஊர், தோட்டம், வருடம் ஆகியவற்றைக் கேட்டு எழுதிவைக்க ஒரு கொப்பி போதும். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்தபின் அரை மணி நேரம் போதும். தமிழ் எழுதத் தெரிந்த நம் வாலிபர்கள் இந்தப் பணியை ஏற்றால், அவர்களோடு உட்கார்ந்து எழுத நான் ஆயத்தமாயிருக்கிறேன். அந்தப் பாதையில் விழுந்தவர்களின் பெயர்கள் இனிக் கிடைக்கப்போவதில்லை. நடந்து முடித்தவர்களின் பெயர்களையாவது தவறவிடாமல் எழுதிக்கொள்வோம்.